புகார் சொன்ன புண்ணியவான்

"எந்தப் புண்ணியவான் பார்த்த வேலை இது? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்!"

கழுகக்கா போட்ட சத்தத்தில் கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்தது.

எஞ்சின் இல்லாமல், கயிறு கட்டி இழுத்து மேலே ஏற்றிவிட்டதும் காற்றை மட்டுமே நம்பி மிதக்கிற கிளைடர் விமானத்தில் அவளை அடித்துக்கொள்ள அந்த மைதானத்தில் ஆள் கிடையாது. பட்டப்பெயர் சும்மா வரவில்லை. இன்றைய போட்டியில் கோப்பை அவளுக்குத்தான் என்று எதிராளிகளே ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

போட்டி தொடங்கப்போகிற நேரம் பார்த்துத்தான் வந்து நின்றார் விமானப் பாதுகாப்பு அதிகாரி. சின்ன வயசுப் பெண்தான். பேச்சு மட்டும் கறார்.

"இந்த மாடல் கிளைடர் எதுவும் இன்னைக்கு மேல போகக் கூடாது. மூக்குல இழுவைக் கயிறு மாட்டுற கொக்கியில குறை இருக்கு. புதுக் கொக்கி போட்ட பிறகுதான் பறக்கணும். எல்லா மைதானத்துக்கும் இதே உத்தரவுதான்."

"திடீர்னு குறை எங்கேருந்து முளைச்சுது?"

"இங்கேருந்து ஒருத்தர் புகார் சொன்னார். சோதிச்சுப் பார்த்தோம். உண்மைதான்."

அவ்வளவுதான். கழுகக்கா பொரிந்து தள்ளினாள்.

"வயித்தெரிச்சல் பிடிச்ச ஜென்மம்! மேல வந்து ஜெயிக்கத் துப்பில்ல, கீழே நின்னு காலை வாருது!"

"அப்படிச் சொல்லு!" என்றார் அவள் வீட்டுக்காரர். அவள் பறக்கும்போதெல்லாம் கயிறு மாட்டிவிட்டு, றெக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறவர் அவர்தான். "அந்த ஆளைச் சும்மா விடக் கூடாது!"

அதே மாடல் வைத்திருந்த மற்றவர்களுக்கும் போட்டி போச்சே என்ற ஆத்திரம்.

"ஆளைக் கண்டுபிடிச்சு சங்கத்தை விட்டே தூக்கணும்" என்றார் சங்கத் தலைவர்.

"பச்சைத் துரோகம். கேஸே போடலாம்" என்றார் வக்கீல்.

"பல்லைப் பிடுங்கணும்" என்றார் பல் டாக்டர்.

"மரத்துப்போற ஊசி போடாமப் பிடுங்குங்க டாக்டர்!" என்றார் வீட்டுக்காரர்.

கழுகக்கா அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"இதே கொக்கியோட எத்தனையோ தடவை பறந்திருக்கேன். ஒரு தடவைகூட மக்கர் பண்ணினதில்ல. கழட்டுங்க. என் கண்ணு முன்னாலேயே கழட்டுங்க. குறை இல்லைன்னா, இத்தனை பேர் மத்தியில நீங்க மன்னிப்புக் கேட்கணும்."

"தாராளமா கேட்கறேன். குறை இருந்தா?"

"இருக்காது!"

கொக்கி கழன்று வந்தது. வெளியே பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. கழுகக்கா எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தாள். 'பார்த்தீங்களா?' என்கிற பார்வை.

அதிகாரி, கொக்கிக்கு உள்ளேயிருந்த ஸ்பிரிங்கை உருவி, கட்டைவிரலால் லேசாக அழுத்தினார்.

டக்.

இரண்டு துண்டு.

"கிளம்பி, மர உயரம்கூடத் தாண்டியிருக்க மாட்டீங்க. கொக்கி தானாத் திறந்துக்கும். கயிறு போயிடும். திரும்பி வர்றதுக்கு உயரம் பத்தாது, இறங்கறதுக்கு இடம் இருக்காது. அப்புறம் என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

கழுகக்கா அந்த இரண்டு துண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பல் டாக்டரின் கிளைடரிலும் விரிசல். வக்கீலுடையதிலும் விரிசல். தலைவருடையதைத் தொட்டதுமே ஸ்பிரிங் கையோடு வந்துவிட்டது.

கழுகக்காதான் முதலில் பேசினாள். கத்துவதில் மட்டுமல்ல, ஒத்துக்கொள்வதிலும் அவளுக்கு அதே குரல்தான்.

"நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாலேயும் சொல்றேன், தப்பு. அந்தப் புகார் சொன்ன மனுஷன் மட்டும் இல்லைன்னா இந்நேரம் என்னை அள்ளிக்கிட்டு வந்திருப்பீங்க. அவர் கால்லயே விழலாம்."

காற்று திசை மாறியது.

"எனக்கு அப்பவே ஒரு சந்தேகம். ஜாடை மாடையாச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் பல் டாக்டர்.

"முதல்ல பேச்சை எடுத்ததே நான்தான்" என்றார் வக்கீல்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வெளிய சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். சங்கத்தோட நன்மைக்காக, நான்தான்..."

வீட்டுக்காரர் அங்கே இல்லை. எல்லோருக்கும் டீ வாங்கிவரப் போயிருந்தார்.

அதிகாரி காரை நோக்கி நடக்க, கழுகக்கா ஓடிப்போய் வழிமறித்தாள்.

"இந்த மூணு பேர்ல யாரும்மா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு பேருமே இல்லக்கா. பேரைச் சொல்ல எங்களுக்கு அனுமதி கிடையாது."

"கோடு காட்டினாக்கூடப் போதும்மா. ஒரு நன்றியாவது சொல்ல வேண்டாமா?"

அதிகாரி ஒரு நொடி யோசித்தார்.

"'எங்ககிட்ட வராம, உங்க மைதானத்துல மட்டும் கமுக்கமா மாத்திக்கிட்டிருக்கலாமே, இந்த விரோதமெல்லாம் உங்களுக்கு எதுக்கு?'ன்னு நான்கூடக் கேட்டேன். 'இதே கொக்கியை நம்பி எத்தனை ஊர்ல எத்தனை பேர் மேல போறாங்களோ. அவங்களுக்கும் கீழே ஒருத்தர் அண்ணாந்து பார்த்துக்கிட்டுத்தானே நிப்பாங்க?'ன்னு சொன்னார்."

கழுகக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எப்பேர்ப்பட்ட மனசு! அப்படிப்பட்டவர் ஏம்மா முன்னால வர மாட்டேங்கறார்?"

கார் கதவைத் திறந்துகொண்டே அதிகாரி சொன்னார்:

"அதையும் கேட்டேன்க்கா. 'ஐயையோ, யாருன்னு மட்டும் அவளுக்குத் தெரியவே கூடாது. சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தானேம்மா போகணும்!'னார்."