மாப்பிள்ளை வாங்கிய ரேடியேட்டர்

மிளகு காய்ந்துகொண்டிருந்த தார்ப்பாயை ஓரமாக இழுத்துவிட்டு, வாசலில் சாக்கு விரித்து, இரண்டு ரேடியேட்டரையும் பக்கம் பக்கமாக வைத்தார் மாப்பிள்ளை யுவராஜ்.

ஒன்று அலுமினியம். மூன்று விரல் கனம். இன்னொன்று கம்பெனி வண்டியில் வருகிற மாதிரியே மெல்லிசு, இரண்டு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க மாமா. எதைப் போட்டா நாளைக்குக் கார் கொதிக்காம மேல வந்து சேரும்? இன்னொண்ணைத் திருப்பி அனுப்பிச்சிடறேன்."

பெட்டி மேலிருந்த இங்கிலீஷ் எனக்கு வராது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். நாமக்கல்லில் லாரி ரேடியேட்டருக்கு ஈயம் பற்ற வைத்தே இருபத்திரண்டு வருஷம் போய்விட்டது. விரல் நுனிகளில் இப்போது சூடு குளிர் எதுவும் உறைப்பதில்லை.

கார் பார்க்கத்தான் சின்னது. டர்போ வைத்து, சைலன்சர் மாற்றி, தரையை உரசுகிற அளவுக்கு இறக்கி வைத்திருக்கிறார். ஞாயிறு விடிந்ததும் மலையடிவாரத்துக் காரவள்ளியில் கிளம்பி, எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி, மேலே சோளக்காட்டில் நிறுத்த வேண்டும். சேலத்துக்காரன் ஒருவன் முப்பத்தொரு நிமிஷத்தில் ஏறி வீடியோ போட்டிருக்கிறானாம். அதை முறியடிக்க வேண்டுமாம்.

மூன்று ஞாயிறாக இதே வேலை. மூன்று தடவையும் நாற்பத்தெட்டாவது வளைவைத் தாண்டுவதற்குள் கொதித்து, ஆவி விட்டு, நின்றுவிட்டது.

பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போனில் வீடியோ எடுப்பது என் மகள் சுமித்ரா. அவளுக்கு இது ஐந்தாம் மாசம்.

போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். "நான் இல்லாட்டி இன்னும் வேகமாப் போவாருங்கப்பா" என்றாள்.

மாப்பிள்ளையிடமும் சொன்னேன். வளைவில் பஸ் வருமுங்க, பலாப்பழ வண்டி வருமுங்க என்றேன். "ஆரன் எதுக்குங்க மாமா இருக்குது?" என்று சிரித்தார்.

அந்தக் காரை நிறுத்துவது சூடு ஒன்றுதான். வேறு யார் சொன்னாலும் நிற்காது.

மெல்லிசை முதலில் தூக்கினேன். கீழ்வாயை உள்ளங்கையால் அடைத்து, மேலே தண்ணீர் நிரப்பி, கையை எடுத்தேன். வந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இழுத்து இழுத்து வந்தது.

அலுமினியத்தையும் அதேபோல் நிரப்பிக் கையை எடுத்தேன்.

ஒரே மூச்சில் மொத்தமும் கொட்டி என் கைலி நனைந்துவிட்டது. தகடுகளைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தேன். ஒன்றுகூட மடங்கவில்லை. வெல்டிங், காசு அடுக்கின மாதிரி. பட்டறையில் இருந்த காலத்தில் இப்படி ஒன்றைக் கையால் தொட்டதுகூட இல்லை.

இதைப் போட்டால் எழுபதும் ஏறும். நூறு வளைவு இருந்தாலும் ஏறும்.

"மெல்லிசுதானுங்க மாப்பிள்ளை" என்றேன். "மலைக்குக் கனம் ஆகாதுங்க. முன்னால பாரம் இழுக்கும்."

ரேடியேட்டர் விஷயத்தில் நான் சொன்ன முதல் பொய் அது.

யுவராஜ் என் கையைப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார்.

"ஏனுங்க மாமா, வாயி மெல்லிசுங்குது. கை அலுமினியத்தையே தடவிக்கிட்டு இருக்குதுங்களே!"

குனிந்து பார்த்தேன். தடவிக்கொண்டுதான் இருந்தது.

மெல்லிசைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிவிட்டார்.

மாட்டுவதும் நான்தான். ஒரு கிளிப்பைத் தளர்வாக விட்டால் போதும், தண்ணீர் ஒழுகி வண்டி பாதியில் நின்றுவிடும் என்று நினைத்தேன். ஓஸ் குழாயைச் செருகினதும் கை தானாகவே திருகி இறுக்கிவிட்டது. இரண்டாவது கிளிப்பும் அப்படித்தான். இத்தனை வருஷம் இறுக்கியே பழகின கை, நான் சொன்னால் எங்கே கேட்கிறது?

நாற்பத்தெட்டுக்கு மேல் அந்தக் கார் அந்த வேகத்தில் இதுவரை போனதில்லை. நாளைக்குப் போகும். அவளும் உள்ளே இருப்பாள்.

கூலண்ட் ஊற்றி நிரப்பினேன். மூடியைத் தேடினால் பெட்டியில் இல்லை. புதுசுக்கு மூடி தனியாகத்தான் வாங்க வேண்டும் போல.

சுமித்ரா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள்.

"பழசே சேருமுங்கப்பா. கழுவி எடுத்து வெச்சிருக்கறேன்."

வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்க வேண்டிய ரப்பர் வளையம் இல்லை. தேய்ந்து போகவில்லை. பிய்ந்தும் போகவில்லை. பிளேடு வைத்து வட்டமாக அறுத்து எடுத்திருந்தது. ஓரத்தில் ஒட்டியிருந்த மிச்சத் துணுக்கு கறுத்துக் கிடந்தது. நேற்று இன்றைக்கு அறுத்தது இல்லை.

அந்த ரப்பர் இல்லாவிட்டால் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைக்காது. எந்த ரேடியேட்டரைப் போட்டாலும் சரி, வேகமாக ஏறினால் பாதி மலையில் தண்ணீர் கொதித்து வெளியேறிவிடும்.

பழைய ரேடியேட்டருக்கு ஒரு கேடும் இருந்திருக்காது.

நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தார்ப்பாயில் மிளகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"மூடி புதுசு வேணுமுங்களா மாமா?" திருப்பி அனுப்ப வேண்டிய பெட்டியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டே யுவராஜ் கேட்டார். "செம்மேட்டுக்குத்தான் போறேன். வாங்கியாந்துடறனுங்க."

"வேண்டாமுங்க. இதே நல்லா இருக்குதுங்க."

உள்ளங்கையால் அழுத்தித் திருகினேன்.

அவர் பைக் கிளம்பிப் போன பிறகு மெதுவாகச் சொன்னேன். "வண்டி நின்னதும் எறங்கித் தள்ளி நின்னுக்க சாமி. ஆவி மூஞ்சியில அடிச்சிரும்."

"தெரியுமுங்கப்பா" என்றாள்.