வேறொருவன் பெயரில் ஒரு கணினி

மங்கையர்க்கரசி பழைய உதிரிப் பாகங்களை மலிவாகப் பார்த்து வாங்கிக் கணினி ஒன்றைச் சேர்த்தபோது, கூடவே உட்கார்ந்து ஸ்குரூ முடுக்கிக் கொடுத்தவன் அவள் கணவன் தணிகைவேல்தான். உலகெங்கும் வீட்டுக் கணினிகள் இணையம் வழியே புற்றுநோய் ஆராய்ச்சிக்காகக் கணக்குப் போட்டுக் கொடுக்கின்றன, நம்முடையதும் சேரட்டும் என்றாள். அவனுக்கும் பெருமையாக இருந்தது. பதிவு செய்யும்போது, பெயர் கேட்ட இடத்தில் அவள் ‘இளம்பரிதி’ என்று அடித்தாள்.

“யாரது?”

“காலேஜ்ல கூடப் படிச்சவன். ரத்தப் புற்றுநோய்ல போயிட்டான்.”

சொல்லிக்கொண்டே அடுத்த கட்டத்தை நிரப்பப் போனாள். அன்றிலிருந்து கூடத்தில் அந்தக் கணினி ராப்பகலாக இரைந்துகொண்டிருந்தது. சூடேறினால் மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிடுவாள். தணிகைவேல் வியர்வையோடு உட்கார்ந்திருப்பான்.

அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது கரண்ட் போய் வந்தது. கணினி அணைந்தது அணைந்தபடியே கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான். மாலையில் போன் வந்தது.

“அங்க கரண்ட் போச்சாமே. அதைப் போட்டீங்களா?”

“போட்டுட்டேன்.”

“நல்லவேளை,” என்றாள். அவள் குரல் அப்படி இளகி அவன் கேட்டதே இல்லை.

போனை வைத்துவிட்டு வந்து கணினியின் முன் உட்கார்ந்தான்.

“அவ உனக்கு யாருடா?” என்று, இத்தனை நாள் அவளிடம் கேட்காததை அதனிடம் கேட்டான். பிறகு பொத்தானை அழுத்தினான்.