இரண்டடி குறைந்த அறை

"எழுதிக்குங்க சார். நூத்திப் பத்து வருஷத்து மண் வீடு. இன்னிக்கு வரைக்கும் நான் ஒரு ஆணி அடிச்சதில்ல. கெடுத்தது எல்லாம் என் தங்கச்சி."

டீ டம்ளரும் கையுமாக அண்ணன் அளவெடுப்பவரின் பின்னாலேயே வந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர். வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

அளவெடுப்பவர் பழைய கட்டடங்களைப் பதிவு செய்யும் அலுவலகத்து ஆள். வீடு பட்டியலில் ஏறினால் சாலை விரிவாக்கத்திலிருந்து தப்பும். ஏற வேண்டுமானால், பிற்பாடு தேவையில்லாமல் சேர்த்ததை எல்லாம் எடுத்துவிட வேண்டும். அவர் அதில் கறார். மண் சுவரில் சிமென்ட்டைக் கண்டால் தன் முதுகில் பூசிய மாதிரி துடித்துப்போவார்.

ஒரே வீடு, நடுச்சுவரோடு இரண்டு பங்கு. முன்கட்டில் அண்ணன், பின்கட்டில் தங்கை. பேச்சுவார்த்தை நின்று ஒன்பது வருஷம்.

முன்கட்டு அறையை அளந்தார். பதினான்கு அடி. நடுச்சுவரை ஒட்டி அண்ணனின் கட்டில் கிடந்தது. மேலே அட்டை அடித்து உத்தரங்களை மறைத்திருந்தார்கள்.

"தூசி கொட்டுதுன்னு நான்தான் அடிச்சேன்" என்றார் அண்ணன்.

அந்த ஆணிகள் கணக்கில் வராது போலிருக்கிறது.

பின்கட்டுக்குப் போனபோது அண்ணன் வாசலோடு நின்றுகொண்டார்.

தங்கை தையல்காரர். மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துத்தான் நுழைய முடிந்தது. வெளியே அளந்ததற்கு உள்ளே இரண்டடி குறைந்தது. நடுச்சுவரோடு ஒட்டி, இன்னொரு மண் சுவர் எழுந்து மேலே இருட்டுக்குள் போனது.

"இது யார் கட்டினது?"

"நான்தான். மண்ணு குழைச்சு, கல் அறுத்து, வெயில்ல காயவச்சு. நாலு மாசமாச்சு."

"எதுக்கு?"

"தேவைப்பட்டுது."

வாசலிலிருந்து குரல் வந்தது. "அண்ணன் பேச்சு சத்தம்கூடக் காதுல விழக் கூடாதுன்னு செவுத்து மேல செவுரு வச்சவ சார்."

தங்கை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அளவெடுப்பவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீம்புக்காக ஒரு வீட்டையே கெடுப்பார்களா? படிவத்தில் எழுதி, இரண்டு பேருக்கும் கேட்கும்படி படித்தார்.

"பின்கட்டில் புதுச் சுவர். அவசியமற்றது. அகற்ற வேண்டும்."

"அப்படிப் போடுங்க." அண்ணன் திருப்தியாக டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

தங்கை மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். சண்டைக்குத் தயாராக நின்ற அளவெடுப்பவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"எடுத்துடலாம் சார். ஒரே ஒரு உதவி. எடுக்கிற அன்னைக்கு அந்தப் பக்கம் கட்டிலை நகர்த்திப் போடச் சொல்லுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

"கட்டிலையா? ஏன்?"

"டார்ச்சை மேல அடிச்சுப் பாருங்க."

அடித்தார். பழைய சுவரின் உச்சி ஈரத்தில் கரைந்து வாய் பிளந்திருந்தது. அண்ணன் அறையின் ஐந்து உத்தரங்களும் அதைத் தாண்டி இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. ஐந்தும் புதுச் சுவரின் மேல் உட்கார்ந்திருந்தன. தையல்காரரின் கூரை உத்தரங்களோ வேறு பக்கமாக ஓடின. நடுச்சுவர் விழுந்தாலும் இவர் தலையில் ஒன்றும் விழாது.

அளவெடுப்பவர் படிவத்தைத் திரும்ப வாங்கினார். எழுதியதை அடித்துவிட்டு, 'தாங்கு சுவர். தொடக் கூடாது' என்று எழுதினார். 

"இதை உங்க அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா?"

தங்கை மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

"தங்கச்சி தாங்குற கூரைன்னு தெரிஞ்சா, தெருவுல போய்ப் படுத்துக்குவாரு சார்."