ஆணியில் தொங்கும் டோக்கன்

ஆபிரகாம் சுரங்கத்தில் இறங்கிய இருபது வருஷமும் அவருடைய ஹெல்மெட்டில் ஒரு மைக் இருந்தது. காய்ச்சலில் அவர் போன பிறகு, கம்பெனி அதில் பதிவான குரலை வைத்து, அவரைப் போலவே பேசும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்து வீட்டுக்கு அனுப்பியது. திரையில் அதே சுரங்கம். மவுஸால் ஒவ்வொரு பொருளாகத் தொட்டு, புதிரை அவிழ்த்து, அவரை வெளியே கொண்டுவர வேண்டும். வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது.

அவர் மனைவி எஸ்தர் நாலு வருஷமாகக் கடைசிக் கதவிலேயே நிற்கிறாள்.

லீவில் வந்த மகள் ஷீபா பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். "ஐயோ அம்மா! ஆணியில அப்பா டோக்கன் தொங்குது பாரு. உள்ள போறப்ப மாட்டுவாங்க, வெளிய வர்றப்ப எடுப்பாங்கன்னு அப்பாவே எத்தன வாட்டி சொல்லிருக்காரு. அத எடு, கதவு திறந்துக்கும்."

"தெரியும்டி."

"தெரிஞ்சுமா இப்படியே உக்காந்திருக்க?"

எஸ்தர் டோக்கனை விட்டுவிட்டு, மூலையில் கிடந்த உடைந்த லாந்தரைத் தொட்டாள்.

"அது இல்ல எஸ்தரு," என்றது ஆபிரகாமின் குரல், லேசாகச் சிரித்துக்கொண்டே. "நிதானமாப் பாரு. எனக்கொண்ணும் அவசரமில்ல."

அப்பா போன அன்றைக்கு ஷீபா வெளிநாட்டில் இருந்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நாலு வருஷம் ஆகிறது. மவுஸைப் பிடுங்க நீட்டிய கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்தத் தண்ணி கேனத் தொட்டா என்ன சொல்லுவாரு?"