அம்மா ஏறினால் நிற்கிற கார்

"எங்கம்மா ஏறினா மட்டும் வண்டி நின்னுடுது அண்ணே."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருஷத் தொழிலில் காருக்கு எத்தனையோ வியாதி பார்த்திருக்கிறார். ஆள் பார்த்து நிற்கிற கார் இதுதான் முதல்.

"இந்த மாசத்துல மட்டும் ஆறு தடவை," என்றாள் அந்தப் பெண். "போய்க்கிட்டிருக்கும்போதே பொசுக்குனு அணைஞ்சுடும். இறங்கி ஓரமா தள்ளி நிறுத்துவோம். கொஞ்ச நேரத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும்."

"பெட்ரோல் சரியான பிரஷர்ல வரலைன்னா அப்படித்தான். மீட்டர் மாட்டிப் பார்த்துடலாம்."

"அதெல்லாம் எதுக்குண்ணே?" புருஷன்காரன் குறுக்கே விழுந்தான். "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும். தானா சரியாப் போயிடும்."

"வயசானவங்களை ரோட்டுல நிறுத்தி வேடிக்கை பார்க்கணும்னு அவருக்கு ஆசை போலிருக்கு, கேளுங்க," என்றாள் அவள், மெக்கானிக்கைப் பார்த்து.

"அவங்கம்மா சொகுசா உள்ளேதான் இருந்தாங்க, வேர்த்து விறுவிறுத்துத் தள்ளினது நான்னு சொல்லுங்க," என்றான் அவன். அவனும் மெக்கானிக்கைப் பார்த்துத்தான்.

இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி அவருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. "ஏம்மா, ரெண்டு பேரும் பக்கத்துலதானே நிக்கிறீங்க?"

"மூணு மாசமா பேச்சில்லை தம்பி," காரின் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா சொன்னாள். "அலமாரியை எந்தச் சுவரோரம் வைக்கிறதுன்னு ஆரம்பிச்சது. அது இன்னும் நடு ஹால்லதான் நிக்குது. நாங்க சுத்திக்கிட்டுப் போறோம்."

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். பெட்ரோல் குழாயில் மீட்டரை மாட்டி, இன்ஜினை ஓட விட்டார். முள் இருக்க வேண்டிய அளவான ஐம்பதில் நின்றது.

அந்த அம்மாவை இறக்கிவிட்டு, பின்சீட்டில் அவனை உட்கார வைத்தார். ஐம்பது. அவளை உட்கார வைத்தார். ஐம்பது. பாரமாக இருக்கட்டும் என்று இரண்டு பழைய பேட்டரிகளை உட்கார வைத்தார். அதற்கும் ஐம்பது. கடைசியில் அந்த அம்மாவையே உட்கார வைத்தார். முள் அசையவில்லை.

"பார்த்தீங்களா? ஒண்ணுமில்லை. கிளம்பலாம்," என்றான் அவன் அவசரமாக.

'நல்ல மாப்பிள்ளை! மாமியார்னா இவ்வளவு அலட்சியமா?' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டார் மெக்கானிக். "ஓட்டிப் பார்க்காம விடமாட்டேன். எல்லாரும் ஏறுங்க."

மீட்டரை முன்கண்ணாடியில் தெரியும்படி ஒட்டிவிட்டு, அவரே ஓட்டினார். பக்கத்தில் அவன். பின்னால் தாயும் மகளும்.

"ஏசியைக் குறைக்கச் சொல்லுங்க," என்றாள் மகள்.

"குளிருச்சுன்னா கண்ணாடியை இறக்கிக்கச் சொல்லுங்க," என்றான் அவன்.

ஆளில்லாத ஒரு தெருவில் திரும்பியதும் முள் சடாரென்று சரிந்தது. ஐம்பது, இருபது, பூஜ்யம். இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது.

புருஷனும் பெண்டாட்டியும் பேசாமல் இறங்கிப் போய்ப் பின்னால் கை வைத்தார்கள். மெக்கானிக் ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

"இந்தப் பக்கம் வா, அங்க சேறு."

"ஐயோ, செருப்பு மாட்டிக்கிச்சு!"

"விடு, நான் எடுக்கிறேன். அடேயப்பா, செருப்பா இது? படகு!"

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். கார் நகர்வதே நின்றுபோனது.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்த மெக்கானிக்கின் கண்ணில் இன்னொன்றும் பட்டது. அந்த அம்மாவின் வலது கை சீட்டுக்கடியில் இருந்தது.

"அம்மா, கையை எடுங்க."

திரும்பி, எட்டி, சீட்டின் ஓரத்தைத் தூக்கினார். பெட்ரோல் பம்புக்குப் போகிற ஒயரில் குட்டியாக ஒரு கறுப்பு சுவிட்ச்.

"யாரு வெச்சது?"

"நான்தான். முப்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டினவ தம்பி. ஒரு சுவிட்ச் வைக்கத் தெரியாதா?"

"பின்னாடி லாரி கீரி வந்தா என்னம்மா ஆகும்?"

"ஆளில்லாத தெருவாப் பார்த்துத்தான் அமுக்குவேன்." குரல் தழைந்தது. "வீட்டுல எவ்வளவோ சொல்லிப் பார்த்தாச்சு. காதுலயே போட்டுக்கலை. வண்டி நின்னாத்தான் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கிறாங்க. கழட்டிடாதே தம்பி."

வாடிக்கையாளரிடம் பொய் சொல்லியே பழக்கமில்லாத மெக்கானிக், ஒர்க்ஷாப்புக்குத் திரும்பியதும் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"பம்ப் நல்லாத்தான் இருக்கு. குழாய்ல எப்பவாவது காத்து கோத்துக்குது. இந்த மாடலுக்கு வைத்தியமே கிடையாது. நின்னா ரெண்டு பேரும் சேர்ந்து தள்ளுங்க. ஒருத்தரே தள்ளினா இன்ஜினுக்கு ஆகாது."

"இப்படி ஒரு வியாதியா?" மகள் சந்தேகமாகப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டாள்.

புருஷன்காரன் மட்டும் நாலடி போய்த் திரும்பி வந்தான். மெக்கானிக்கின் காதோரம் குனிந்தான்.

"அண்ணே, சீட்டுக்கடியில இருக்கிற சுவிட்சைக் கழட்டிடலையே?"

மெக்கானிக் வாயைப் பிளந்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"முதல்ல இருந்தது பத்து நாளைக்கு முன்னாடி கெட்டுப்போச்சுண்ணே. அத்தை பாவம், வழியெல்லாம் அமுக்கி அமுக்கிப் பார்த்தாங்க, வண்டி நிக்கவே இல்லை. இப்போ இருக்கிறது நான் வாங்கி மாட்டினது."