டொரண்டோ மணி

சுவர்க் கடிகாரம் மாலை ஆறரை காட்டும்போது, அதே வீட்டு மேசைக் கடிகாரம் ஒன்பது காட்டும்.

"நிமிஷ முள்கூட ஒத்துப்போகல. உன்னை எதுக்குத்தான் வெச்சிருக்காங்களோ," என்று சுவர்க் கடிகாரம் சலித்துக்கொள்ளும்.

"நான் டொரண்டோ மணி. அங்கே இப்போ காலை," என்று மேசைக் கடிகாரம் சொன்னாலும் அது நம்பாது.

வீட்டுக்காரி செண்பகம் மட்டும் தினமும் மேசைக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் அங்கிருக்கும் மகளுக்கு போன் போடுவாள். "நித்திலா, டிபன் சாப்பிட்டியா?"

ஒருநாள் மாலை செண்பகம் மேசைக் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பி ஆறரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"ஒருவழியா உன் தப்பைத் திருத்திட்டாங்க," என்றது சுவர்க் கடிகாரம்.

"கொஞ்சம் கேளு," என்றது மேசைக் கடிகாரம்.

சமையலறையிலிருந்து செண்பகத்தின் குரல் வந்தது. "நித்திலா, இன்னொரு தோசை ஊத்தட்டுமா?"