பெண், நாற்பத்தைந்துக்கு மேல்

"ராஜபாளையத்தைத் தொடு தாயி. பெண். நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல."

வந்துவிட்டார் கண்ணுச்சாமி! எலினாவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மூணு வாரமாக இதே கூத்துதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை வழிகாட்டி மையம் நடத்துகிற எலினாவின் கம்ப்யூட்டரில் டாஷ்போர்டு ஒன்று உண்டு. எந்த ஊரைத் தொட்டாலும், அங்கே எந்த மில்லில் எத்தனை பேருக்கு வேலை காலி என்று காட்டிவிடும். ஆணா, பெண்ணா, என்ன வயசு என்று பிரித்தும் காட்டும்.

இந்த மனுசன் கேட்பது எப்போதும் ஒன்றுதான். பெண், நாற்பத்தைந்துக்கு மேல். காட்டுவதைச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு போய்விடுவார். மறுநாள் மில்லுக்குப் போன் போட்டால், "ஆள் வந்தாச்சும்மா, ஒரு பெரியவர் கூட்டிட்டு வந்தாரு" என்பார்கள்.

புரோக்கரேதான், சந்தேகமே இல்லை. எலினாவின் அம்மாவே ஒருகாலத்தில் அப்படி ஒருத்தனை நம்பிப் போனவள். சொன்னது ஒரு வேலை, கொடுத்தது ஒரு வேலை. அழுதுகொண்டே வீடு திரும்பினாள்.

"இன்னும் ஒரே ஒரு ஆளுதான் பாக்கி தாயி. வேன் வந்து ஏத்திட்டுப் போற மில்லா இருந்தா நல்லது. அவளுக்கு முட்டு வலி."

"தலைக்கு எம்புட்டுய்யா கமிஷன் வாங்குறீங்க?"

கண்ணுச்சாமியின் முகம் செத்துப்போயிற்று.

"அப்படியெல்லாம் இல்ல தாயி..."

"இது புரோக்கருக்குத் தொறந்து வச்ச ஆபீஸ் இல்ல. கிளம்புங்க!"

அவர் நோட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அரை மணி நேரம் இருக்கும். ஒரு அம்மா முழங்காலைப் பிடித்தபடி படியேறி வந்தாள்.

"ஏம்மா, கண்ணுச்சாமி அண்ணாச்சி இங்க இருக்காவளா? நான் பரிபூரணம், மம்சாபுரத்துல இருந்து வாரேன். வேலை பாத்துத் தாரேன்னு வரச்சொன்னாவ."

"அவருக்கு எவ்வளவும்மா குடுத்தீங்க?"

"குடுக்கவா? அப்படிச் சொன்னா நாக்கு அழுகிப் போயிரும் தாயி! எங்க மில்லு இந்த மாசத்தோட மூடுதாவ. அவிய எங்க சூப்பர்வைசரு. பதினேழு பொம்பளையும் வயசானவளுக, இவளுகளை நடுத்தெருவுல விட்டுட்டுப் போகமாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்காவ. பஸ்ஸுக்குக்கூட அவிய கைக்காசுதான். பதினாறு பேரைச் சேத்துவிட்டாச்சு. நான்தான் கடைசி."

எலினா நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தாள். என்ன வார்த்தை கேட்டுவிட்டோம்!

மளமளவென்று தேடினாள். உட்கார்ந்து பேண்டேஜ் மடிக்கிற வேலை, வேன் உண்டு. அங்கேயே போன் போட்டுப் பேசி முடித்தாள். பரிபூரணத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லா இருப்பே தாயி."

"அது சரிம்மா, மில்லு மூடுனா அவரு என்ன செய்வாரு?"

"அவியளுக்கென்ன! மொத ஆளா ஒரு பெரிய மில்லுல சேந்துட்டேன்னு சொன்னாவளே. அந்தத் தைரியத்துலதான நாங்களும் அவியள எங்களுக்காக அலையவிட்டோம்."

அவள் போனதும், மனுசனிடம் மன்னிப்புக் கேட்காமல் சோறு இறங்காது என்று எலினாவுக்குத் தோன்றியது. போன் நம்பருக்காகக் கம்ப்யூட்டரில் கண்ணுச்சாமியின் பதிவுப் பக்கத்தைத் திறந்தாள். நம்பருக்குக் கீழே, அவருக்காக இங்கே தேடியதெல்லாம் தேதிவாரியாகப் பதிவாகியிருந்தது.

முதன்முதலில் அவர் வந்த அன்றைக்கு எலினா லீவு. மாற்றாக வந்தவர் பார்த்துக் கொடுத்திருக்கிறார். அன்றைய முதல் வரி:

ராஜபாளையம். ஆண். வயது 58. காலியிடம்: 0.

அதற்கு அடுத்த வரியிலிருந்து எல்லாமே 'பெண்'தான்.